ஃப்ரீஹேண்ட் சித்திரங்களின் மீட்சி

1988ஆம் ஆண்டில் ஆல்ட்ஸிஸ் நிறுவனத்தார் மாக்கின்டாஷ் கணினிக்கென இயற்ற, ஆல்டஸ் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்த ஃப்ரீஹேண்ட் என்னும் சித்திரச் செயலி, பின்னர் மேக்ரோமீடியாவின் உடைமையாகி, 2005இல் அந்நிறுவனத்தோடு அடோபியின் கைக்கு மாறி, 2007இல் அபிவிருத்தி நிறுத்தப்பட்டபோது, அதனை நம்பிப் பல வருஷங்கள் உழைத்த ஓவியர்களின் படைப்புகள் திறக்க வழியின்றிப் போகும் அபாயம் நேர்ந்தது.

அச்சுப்பிரதியை ஸ்கேன் செய்து காப்பாற்றலாமே என்பார் உண்டு. ஆயினும் அது புள்ளிகளின் தொகுதியேயன்றி, கோடும் வளைவும் கணித ரூபத்தில் நிலைபெற்று, எவ்வளவு பெரிதாக்கினும் கூர்மை குன்றாது, வேண்டியவாறு திருத்தவும் இடந்தரும் வெக்டார் சித்திரமாகாது. ஆகவே, ஃப்ரீஹேண்ட் கோப்புகளைப் பைட் பைட்டாக ஆராய்ந்து, எந்த எண் வளைவைக் குறிக்கிறது, எது வர்ணத்தைக் குறிக்கிறது என்று ஊகித்தும் சோதித்தும் தெளிந்த தன்னார்வலர்களின் உழைப்பு, என் அபிப்பிராயத்தில், சாஸனம் வாசிக்கும் அறிஞரின் உழைப்புக்குச் சற்றும் தாழ்ந்ததன்று.

டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் 2014இல் அறிவித்த ஆவண விடுதலைத் திட்டத்தில் இடம்பெற்ற லிப்ஃப்ரீஹேண்ட் என்னும் நிரற்றொகுதி இவ்வுழைப்பின் பயனே. அதன் துணையால் லிப்ரேஆபீஸ் என்னும் அலுவலகச் செயலித் தொகுப்பில் திறக்கும் பழஞ்சித்திரத்தை, 2001இல் பொதுத்தரமாக அங்கீகரிக்கப்பட்ட எஸ்விஜி என்னும் வெக்டார் வடிவில் சேமித்து, இங்க்ஸ்கேப் என்னும் சித்திரச் செயலியில் திருத்தலாம். மூல எழுத்துரு கணினியில் இல்லையெனில், வரிகளின் அமைப்பைக் கையால் சீர்செய்ய நேரும்.