தாயார் பெயர் என்ன?

1974இல் நான் வங்கியில் சேர்ந்தபோது, பணம் கேட்டு வருபவர் உண்மையான ஆள்தானா என்று பார்க்க எங்களிடம் இருந்தது ஓர் அட்டைதான். கணக்கு தொடங்கும்போது வாங்கி வைத்த மாதிரிக் கையெழுத்து அதில் இருக்கும். காசோலை வந்தால் அட்டையை எடுத்து ஒப்பிடுவோம். பாதிப் பேரை முகம் பார்த்தே தெரியும்.

பிறகு தொலைபேசியிலும் கணினியிலும் வேலை நடக்கத் தொடங்கியது. முகமும் போயிற்று, கையெழுத்தும் போயிற்று. அவற்றின் இடத்தில் கேள்விகள் வந்தன. பிறந்த தேதி என்ன? தாயாரின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன? மேல்நாட்டில் பெண்கள் கணவரின் குடும்பப் பெயருக்கு மாறிவிடுவதால், பழைய பெயர் வெளியாருக்குத் தெரியாது என்பது கணக்கு. இனிஷியல் போட்டுக்கொள்ளும் நமக்கு அந்தக் கேள்வி பொருந்தவே இல்லை. ஆனாலும் படிவத்தில் இருந்தது. அம்மா பெயரை எழுதிக் கொடுத்தோம்.

2004இல் ஆர்குட்டும் பேஸ்புக்கும் பிறந்தன. 2006இல் 13 வயதான எவரும் பேஸ்புக்கில் சேரலாம் என்றாயிற்று. அங்கேயும் படிவம்தான்: பிறந்த நாள், சொந்த ஊர், படித்த பள்ளி, உறவினர் யார் யார். வங்கி எதை ரகசியம் என்று நினைத்துக் கேட்டதோ, ஏறக்குறைய அதையே நாம் ஊருக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தோம்.

இதன் ஆபத்தை உலகம் பார்த்தது 2008 செப்டம்பரில். அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக நின்ற அலாஸ்கா கவர்னர் சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலுக்குள் 20 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் நுழைந்துவிட்டார். பெரிய கணினி வித்தை எதுவும் செய்யவில்லை. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று சொன்னார், அவ்வளவுதான். பிறந்த தேதி, அஞ்சல் குறியீட்டு எண், கணவரை முதலில் சந்தித்த இடம் ஆகியவற்றை யாஹூ கேட்டது. எல்லாம் இணையத்திலேயே கிடைத்தன. சந்தித்த இடம் அவர்கள் படித்த பள்ளிக்கூடம்! 2010இல் அந்த மாணவருக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறைத் தண்டனை கிடைத்தது.

நம் நாட்டிலும் 2000ஆம் வருடத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் திருத்தி, 66சி, 66டி பிரிவுகளைச் சேர்த்தார்கள். அடுத்தவர் அடையாளத்தைத் திருடினாலோ, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினாலோ மூன்று ஆண்டு வரை சிறை.

இதெல்லாம் தெரிந்த நானே ஒரு காரியம் செய்தேன். 2022இல் எனக்கு பீமரத சாந்தி. அழைப்பிதழைப் படம் எடுத்து சமூக வலைத்தளத்தில் போட்டேன். நம் அழைப்பிதழில் என்னதான் இருக்காது? பெற்றோர் பெயர், பூர்வீக ஊர், மகன், மருமகள், பேத்தி பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண்.

மூன்று வாரம் கழித்து, என்னோடு வேலை பார்த்த ஹெட் கேஷியர் போன் செய்தார்.

"சார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்துட்டீங்களா? பணம் போதுமா இருந்ததா?"

என் படத்தோடு யாரோ போலிக் கணக்கு தொடங்கி, அவருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். 15,000 ரூபாய் போய்விட்டது. "பேத்தி பேரைச் சொல்லித்தானே சார் கேட்டீங்க" என்றார். கையெழுத்தில் ஒரு சுழி மாறினாலும் கண்டுபிடித்துவிடும் மனிதர்! 1930க்குப் புகார் செய்தோம். ஆனால் பணம் அனுப்பி நான்கு நாள் ஆகியிருந்தது, திரும்பவில்லை. நான் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார். பூட்டை உடைத்தவன் எவனோ, சாவியைக் கொடுத்தது நான்தானே!

அன்றே அழைப்பிதழை நீக்கினேன். நண்பர்கள் பட்டியலையும் பிறந்த தேதியையும் மறைத்தேன். நீங்களும் செய்யுங்கள். பணம் கேட்டுச் செய்தி வந்தால், பழைய எண்ணில் கூப்பிட்டுக் குரலைக் கேளுங்கள். ஏமாந்தால், வெட்கப்படாமல் உடனே 1930ஐக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

இன்னொன்று. மின்னஞ்சலில் கேட்கும் ரகசியக் கேள்விக்கு உண்மையான பதில்தான் தர வேண்டும் என்பதில்லை. என் அம்மா பெயர் இப்போது அங்கே வேறு. என்ன பெயர் என்று மட்டும் கேட்காதீர்கள்.