13 பேர் மாறி வாக்களித்திருந்தால்: 1969 குடியரசுத் தலைவர் தேர்தலும் நிகழாத வரலாறும்

1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். அதையொட்டி நடந்த தேர்தலின் வாக்குகள் ஆகஸ்ட் 20 அன்று எண்ணப்பட்டன. முதல் முன்னுரிமை வாக்குகளில் வி.வி.கிரி 4,01,515, நீலம் சஞ்சீவ ரெட்டி 3,13,548, சி.டி.தேஷ்முக் 1,12,769 பெற்றனர். வெற்றிக்குத் தேவையான 4,18,169ஐ எவரும் எட்டவில்லை. இரண்டாம் முன்னுரிமை வாக்குகளும் சேர்க்கப்பட்ட பின் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 என்று முடிவு அமைந்தது. அன்று நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 576. கிரியை ஆதரித்த உறுப்பினர்களில் 13 பேர் ரெட்டியின் பக்கம் சாய்ந்திருந்தால், ரெட்டி 326 மதிப்பு வேறுபாட்டில் வென்றிருப்பார்.

‘வென்றால்’ என்னும் வடிவம் இனி நடக்கக்கூடியதைச் சுட்டும். ‘வென்றிருந்தால்’ என்பதோ பெரும்பாலும் நிகழாததை நிகழாதது என ஒப்புக்கொண்டே பேசும். மாற்று வரலாறு எழுதுவோர் இரண்டாம் வடிவத்தின் ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்க வேண்டும். மாற்றப்படுவது ஒரே ஒரு நிகழ்வாக இருக்க வேண்டும். அந்நாளின் சட்டம், பதவிக்காலம், கட்சிகளின் பலம் ஆகியவை இருந்தபடியே இருக்க வேண்டும்.

இந்த ஒழுக்கம் மீறப்படுவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ‘ரெட்டி வென்றிருந்தால் நெருக்கடிநிலை வந்திராது’ என்னும் வாதம். 1969 ஆகஸ்டில் பதவியேற்றவரின் ஐந்தாண்டுக் காலம் 1974 ஆகஸ்டில் முடிந்துவிடும். நெருக்கடிநிலைப் பிரகடனம் கையெழுத்தானது 1975 ஜூன் 25 அன்று. கிரியின் பதவிக்காலமும் அதற்கு முன்பே முடிந்து, பக்ருதீன் அலி அகமது அப்பதவியில் இருந்தார். ரெட்டி மறுமுறையும் தேர்வாகியிருப்பார் என்று இன்னொரு கற்பனையைச் சேர்த்தாலன்றி இவ்வாதம் நிற்காது.

ஆகவே கேள்வியை 1969க்கும் 1974க்கும் இடைப்பட்ட காலத்துக்குள் நிறுத்த வேண்டும். பெங்களூரில் கூடிய காங்கிரஸ் நாடாளுமன்றக் குழு, பிரதமர் இந்திரா காந்தியின் விருப்பத்துக்கு மாறாக ரெட்டியை வேட்பாளராக்கியது. காமராசர், நிஜலிங்கப்பா, மொரார்ஜி தேசாய் முதலியோர் ரெட்டியின் பக்கம் நின்றனர். தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்த கிரி, பதவி விலகிச் சுயேச்சையாகக் களமிறங்கினார். ரெட்டியின் பெயரை முன்மொழிந்த இந்திரா காந்தி, அவருக்கு ஆதரவாகக் கொறடா உத்தரவு பிறப்பிக்க மறுத்து, மனச்சாட்சிப்படி வாக்களிக்குமாறு கேட்டுக்கொண்டார். 1967 தேர்தலில் 25 மக்களவை இடங்களை வென்றிருந்த திமுக கிரியை ஆதரித்தது. தமிழக அரசியலின் இரு துருவங்களும் இத்தேர்தலின் இரு பக்கங்களில் நின்றன.

ரெட்டி வென்றிருந்தால் இந்திரா காந்தியைப் பதவி நீக்கியிருப்பாரா? அந்நாளைய அரசியலமைப்பின் 74ஆம் உறுப்பில், அமைச்சரவையின் ஆலோசனைப்படியே குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும் என்னும் வெளிப்படையான கட்டளை இல்லை. உச்ச நீதிமன்றம் சம்ஷேர் சிங் வழக்கில் அதை உறுதிபடக் கூறியது 1974இல். 42ஆம் திருத்தம் அதை எழுத்தில் சேர்த்தது 1976இல். அதாவது, 1969இல் ஐயத்துக்கு இடமிருந்தது. எனினும் அந்த இடத்தைச் சில கோப்புகளுக்குள் சுருக்கிக் காணலாம். அவற்றுள் மூன்று முதன்மையானவை: வங்கி நாட்டுடைமைச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாதென்று கூறியபின் 1970 பிப்ரவரியில் வந்த புதிய அவசரச் சட்டம், மன்னர் மானிய ஒழிப்பு மசோதா மாநிலங்களவையில் நூலிழையில் தோற்றவுடன், 1970 செப்டம்பரில் மன்னர்களின் அங்கீகாரத்தை நீக்கிய ஆணை, சிறுபான்மை அரசின் பரிந்துரைப்படி 1970 டிசம்பர் 27 அன்று நிகழ்ந்த மக்களவைக் கலைப்பு.

இங்கு வரலாறு ஓர் அரிய சான்றை விட்டுச் சென்றுள்ளது. தோற்ற வேட்பாளரே 1977இல் போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானார். 1979 ஆகஸ்டில், மக்களவையின் நம்பிக்கையைக் கோராமலேயே விலகிய பிரதமர் சரண் சிங் அவையைக் கலைக்கப் பரிந்துரைத்தார். ஜெகஜீவன் ராமுக்கு ஆட்சியமைக்க வாய்ப்பளிக்காமல் ரெட்டி அதை ஏற்றார். எட்டாண்டு இடைவெளியும் இரு அரசியலமைப்புத் திருத்தங்களும் குறுக்கே நிற்பதால் இச்சான்றை அளவோடுதான் பயன்படுத்த வேண்டும். ஆயினும், மாற்று ஆட்சியை உருவாக்கித் தருபவராக அவரைக் கற்பனை செய்வதற்கு இது இடந்தரவில்லை. மூன்றாம் கோப்பில் அவர் கையெழுத்திட்டிருப்பார் என்றே கருத வேண்டியுள்ளது. ஐயம் வலுப்பது இரண்டாம் கோப்பில்தான். நாடாளுமன்றத்தில் தோற்றதை நிர்வாக ஆணையாக்கும்போது மறுபரிசீலனை கோர வலுவான காரணம் இருந்தது. அந்த ஆணையை 1970 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் செல்லாதாக்கியது.

பெரிய மாற்றம் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு வெளியே, காங்கிரஸ் கட்சிக்குள் நேர்ந்திருக்கும். வேட்பாளரைத் தீர்மானிக்கும் உரிமை கட்சியமைப்புக்கா, பிரதமருக்கா என்பதே அன்றைய வழக்கு. கிரியின் வெற்றி அதைப் பிரதமருக்குச் சாதகமாகத் தீர்த்தது. 1969 நவம்பர் 12 அன்று கட்சி அவரை நீக்கியபோது, நீக்கியவர்களே தோற்றவர்களாக நின்றனர். இடதுசாரிகளும் திமுகவும் அளித்த ஆதரவில் அரசு நீடித்தது. 1971 தேர்தலில் அவர் 352 இடங்களை வென்றார். ரெட்டி வென்றிருந்தால், மனச்சாட்சி வாக்கு தோற்றுப்போன கலகமாகியிருக்கும். பிளவு அப்போதும் நேர்ந்திருக்கலாம். ஆனால் வென்றவராக அல்லாமல் தோற்றவராகவே இந்திரா காந்தி வெளியேற வேண்டியிருந்திருக்கும். அந்நிலையில் எத்தனை உறுப்பினர்கள் அவருடன் சென்றிருப்பார்கள் என்பதே இம்மாற்று வரலாற்றின் மையக் கேள்வி. ஆளுங்கட்சித் தலைமையைக் கட்சிக்குள்ளிருந்து கேள்வி கேட்கும் அமைப்பின் வலிமை பின்னாளில் ஏன் தேய்ந்தது என்று ஆராய்வோர், 1975க்கு முன் இந்த எண்ணிக்கை மேசையைப் பார்க்க வேண்டும்.

1980 ஜனவரி 14 அன்று இந்திரா காந்தி மீண்டும் பிரதமரானபோது அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி. 13 வாக்குகள் தடுத்த பதவி அவருக்குக் கிடைத்துவிட்டது. அவரை முன்னிறுத்திய கட்சியமைப்புக்கு, 1969இல் இழந்த அதிகாரம் திரும்பக் கிடைக்கவில்லை.