சிங்கப்பூர் ஆற்றுத் தூய்மைத் திட்டம்

சிங்கப்பூர் ஆற்றுத் தூய்மைத் திட்டம் என்பது சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் தூய்மைப்படுத்த 1977 முதல் 1987 வரை அந்நாட்டு அரசு மேற்கொண்ட பணியாகும். சுற்றுப்புற அமைச்சு இதை முன்னின்று நடத்தியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், நகரச் சீரமைப்பு ஆணையம் முதலிய பல அமைப்புகள் இதில் பங்கேற்றன. நகர மறுசீரமைப்பும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு இது நல்ல சான்று.

பின்னணி

1819இல் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் வணிகத்தளம் அமைத்தபின் சிங்கப்பூரின் வாணிபம் ஆற்றின் முகத்துவாரத்தைச் சுற்றி வளர்ந்தது. கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கை ஏற்றி வந்து கரையோரக் கிடங்குகளில் இறக்கியவை தொங்கான்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தொழிலில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் பெருமளவில் ஈடுபட்டிருந்தனர். அவர்கள் சூலியர் எனப்பட்டனர். ஆற்றுக்கு அருகிலுள்ள சூலியா ஸ்திரீட் என்னும் தெரு இன்றும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்னாளில் இத்தொழில் சீனர் கைக்கு மாறியது.

மாசடைந்த காரணங்கள்

மக்கள்தொகை பெருகிய அளவுக்குக் கழிவுநீர்க் குழாய்கள் பெருகவில்லை. கழிவுநீர் இணைப்பில்லாத குடிசைகளின் கழிவு நேரே ஆற்றில் கலந்தது. தெருவோர உணவு வணிகர்கள் பாத்திரம் கழுவிய நீரையும் மிச்சம் மீதியையும் வடிகாலில் கொட்டினர். பன்றி, வாத்துப் பண்ணைகளின் சாணமும் எச்சமும் ஓடைகள் வழியே வந்து சேர்ந்தன. படகுகளிலிருந்து எண்ணெய் கசிந்தது. இவ்வளவு கழிவும் அழுகும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வளி தீர்ந்துபோகும். மீன்கள் வாழ முடியாது. ஆறு கறுத்து நாறியதற்கு இதுவே காரணம்.

பத்தாண்டுப் பணி

1977 பிப்ரவரி 27 அன்று அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில், பத்தாண்டுகளில் இந்த நீர்நிலைகளில் மீன்பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று பிரதமர் லீ குவான் இயூ இலக்கு வைத்தார். மிதக்கும் குப்பையை அள்ளுவதால் மட்டும் பயனில்லை, கழிவு புறப்படும் இடத்திலேயே அதை நிறுத்தவேண்டும் என்பது திட்டத்தின் அடிப்படை.

அதன்படி சுமார் 26,000 குடும்பங்கள் பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. ஏறத்தாழ 5,000 தெருவோர வணிகர்கள் குழாய்நீரும் கழிவுநீர் இணைப்பும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். 610 பன்றிப் பண்ணைகளும் சுமார் 500 வாத்துப் பண்ணைகளும் நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து அகற்றப்பட்டன. 1983இல் சுமார் 800 படகுகள் பாசிர் பாஞ்சாங் கடற்கரைக்கு அனுப்பப்பட்டன. பிறகே ஆற்றுப் படுகையின் சேறு வாரப்பட்டது. இழப்பீட்டுத் தொகை நீங்கலாகச் செலவு ஏறத்தாழ 170 மில்லியன் வெள்ளி. 1987 செப்டம்பரில் பணி நிறைவு கொண்டாடப்பட்டது.

இடம்பெயர்ந்தோர்

அந்த 170 மில்லியனில் அடங்காத ஒரு விலையும் உண்டு. வீடு மாறிய குடும்பங்களுக்குக் குழாய்நீரும் கழிப்பறையும் கிடைத்தன. ஆனால் கம்பத்து வாழ்க்கையும் அக்கம்பக்கத்து உறவும் கலைந்தன. பன்றி வளர்த்தவர்கள் தெரிந்த தொழிலை விட நேர்ந்தது. படகோட்டிகளின் நிலை இன்னும் கடினம். 1972 முதல் தஞ்சோங் பகாருக்கு வரத்தொடங்கிய கொள்கலன் கப்பல்களால் அவர்கள் தொழில் ஏற்கெனவே தேய்ந்து வந்தது. ஆற்றைவிட்டு வெளியேறியபின் அது மீளவேயில்லை.

கட்டடப் பாதுகாப்பு

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஒரு துறையாக 1966இல் தொடங்கி, 1974இல் தனி அமைப்பானது நகரச் சீரமைப்பு ஆணையம். தொடக்க ஆண்டுகளில் மறுசீரமைப்பு என்றால் பெரும்பாலும் இடித்துக் கட்டுவதாகவே இருந்தது. ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் அவ்வாறு மறைந்தவையே.

பின்னர் அணுகுமுறை மாறியது. 1989 ஜூலையில் போட் கீ, கிளார்க் கீ பகுதிகள் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. பழைய கடைவீடுகளும் கிடங்குகளும் இடிக்கப்படாமல் பழுதுபார்க்கப்பட்டுப் புதிய பயன்பாட்டுக்கு வந்தன. பழைய கட்டடத்தைக் காப்பது வரலாற்றைக் காப்பதோடு, செங்கல்லும் மரமும் குப்பையாவதையும் தடுக்கிறது. 2009இல் இதே ஆணையம், கட்டடம் எழும்பும் இடத்தில் இழந்த பசுமையை மாடிகளிலும் கூரைகளிலும் ஈடுசெய்யும் திட்டத்தைக் கொண்டுவந்தது.

நன்னீர்த் தேக்கம்

2008இல் சுமார் 350 மீட்டர் அகல மரினா கால்வாயின் குறுக்கே மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. கடல்நீர் தடுக்கப்பட்டதால் ஆறு கலக்கும் விரிகுடா நன்னீர்த் தேக்கமாயிற்று. இதன் நீர்ப்பிடிப்புப் பகுதி 10,000 ஹெக்டேர்; நாட்டின் நிலப்பரப்பில் சுமார் ஆறில் ஒரு பங்கு. தாழ்வான பகுதிகளில் வெள்ளம் புகுவதைத் தடுக்கவும் இது உதவுகிறது. ஆறு பழைய நிலையிலேயே இருந்திருந்தால், அதன் வாயிலில் அணைகட்டிக் குடிநீர் எடுப்பதைப் பற்றி எண்ணியும் பார்த்திருக்க முடியாது.

மதிப்பீடு

ஆற்றைத் தூய்மைப்படுத்த விரும்பும் பல நகரங்கள் சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றன. கரையோரக் குடிசைகளை அகற்றுவதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்வது தவறு. அகற்றப்பட்ட குடும்பத்துக்கு வீடும், வணிகருக்குக் கடையும், கழிவுக்குக் குழாயும் அமைத்துக் கொடுத்ததால்தான் கழிவு மீண்டும் ஆற்றுக்கு வரவில்லை. மாற்றுத் தொழில் கிட்டாத படகோட்டிகளின் கதை, அந்தத் திட்டமும் நிறைவு செய்யாத பகுதியைக் காட்டுகிறது.