தோட்டக் காய்ச்சலும் 'ஓ' என்ற எழுத்தும்

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம்ம கோல சிலாங்கூரில், தென்னமரத்தில், 1917இல் தொடங்கியதை மாணவர்கள் அறிவார்கள். செம்பனைக் காட்டில் வேலை செய்தவர்களைப் பிடித்த காய்ச்சலைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பிளெட்சர், லெஸ்லர் என்ற இருவர் டைபஸ் காய்ச்சலில் இரண்டு வகை இருப்பதைக் கண்டார்கள். ஒன்று பட்டணத்துக் கடைகளில் இருப்பவர்களுக்கு வந்தது. மற்றது புதர், லாலாங் புல், செம்பனை என்று வெளியில் உழைப்பவர்களுக்கு வந்தது. காய்ச்சல், தலைவலி, தடிப்பு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம் எப்படிப் பிரித்தார்கள்?

அதற்கு வைல்-பெலிக்ஸ் சோதனை உதவியது. 1915-16இல் டைபஸ் நோயாளியின் சிறுநீரில் புரோட்டியஸ் என்ற பாக்டீரியா கிடைத்தது. நோய்க்குக் காரணம் அதுவல்ல. ஆனால் நோயாளியின் ரத்தச் சீரத்தில் கலந்தால் கட்டி கட்டியாகத் திரண்டது! கோலாலம்பூரில் இதன் இரு வளர்ப்புகள் இருந்தன. ஒன்று வார்சா வளர்ப்பு. இன்னொன்று கிங்ஸ்பரி என்ற மருத்துவர் லண்டனிலிருந்து கொண்டுவந்தது. இரண்டும் ஒன்றென்றே நம்பினார்கள். பட்டணத்து நோயாளியின் சீரம் வார்சா வளர்ப்பைத் திரளவைத்தது; தோட்டத்து நோயாளியின் சீரம் கிங்ஸ்பரியைத் திரளவைத்தது. ஓஎக்ஸ்கே என்ற பெயரில் உள்ள 'கே' அவர்தான்.

'ஓ' எங்கிருந்து வந்தது? அசையாத புரோட்டியஸ் தட்டில் படலம்போல் பரவாது. 'படலமின்றி' என்பதற்கான ஜெர்மன் சொற்களின் முதல் எழுத்து அது. இன்று பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடின் வெளிப்பகுதிக்கு ஓ ஆண்டிஜன் என்று பெயர். சவ்வில் ஊன்றி நிற்கும் கொழுப்பு, லிப்பிட் ஏ. அதற்குமேல் சர்க்கரைத் தண்டு. அதிலிருந்து நீளும் சர்க்கரைச் சங்கிலிதான் ஓ ஆண்டிஜன். சங்கிலியில் எந்தச் சர்க்கரை, எந்த வரிசையில் என்பது மாறினால் சீரம் அடையாளம் கண்டு பிடிப்பதும் மாறும். சூடான பீனால்-நீர் கொண்டு இதைப் பிரித்தெடுக்கும் முறையை வெஸ்ட்பால், லூடரிட்ஸ் குழுவினர் 1952இல் தந்தார்கள். பிளெட்சர் காலத்தில் இதெல்லாம் தெரியாது, கட்டி திரள்வது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

பட்டணத்து டைபஸின் கிருமியிடம் புரோட்டியஸை ஒத்த லிப்போபாலிசாக்கரைடு உண்டு, அதனால் சோதனை பலித்தது. தோட்டத்து நோயின் கிருமியிடமோ லிப்போபாலிசாக்கரைடே கிடையாது! ஓஎக்ஸ்கே சோதனை பலருக்குத் தவறிப்போவதும் உண்டு. ஆனாலும் புதரில் வாழும் சிற்றுண்ணிகள் கடித்துப் பரவும் நோயைத் தனியாகப் பிரித்துக் காட்டியது அதுவே.

தொழிலாளர்களுக்கு மருந்து வந்தது 1948இல். அந்த ஆண்டு ஸ்மேடல் குழுவினர் அதே கோலாலம்பூர்க் கழகத்தில் குளோராம்பெனிகால் கொடுத்து நோயாளிகளைக் குணமாக்கினார்கள்.