நானோ வெள்ளி புதுசா?

ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகளை நானோ துகள்களால் கொல்லலாம் என்று படிக்கும்போது, ஏதோ நேத்து கண்டுபிடித்த சங்கதி போலத் தோணும். ஆனா கதை பழசு.

1889இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த கேரி லீ, வெள்ளி உப்புக் கரைசலிலிருந்து மிகநுண்ணிய வெள்ளித் துகள்களைத் தயாரித்தார். அவருக்கு ஆர்வம் போட்டோகிராபி வேதியியலில்தான். இன்றைய அளவுகோலில் அவை நானோ துகள்களே. 1897இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் பென்னோ கிரேடே, இதேபோன்ற கூழ்ம வெள்ளியை ‘கொலார்கால்’ என்ற மருந்தாகக் கொண்டுவந்தார்.

துகள் சிறுசாக ஆக, அதே எடைக்கு மேற்பரப்பு கூடும். வெள்ளி அயனிகள் அதிகம் கசியும். அவை கிருமியின் புரதங்களையும் வெளிச்சவ்வையும் ஒருசேரத் தாக்கும். பல முனைத் தாக்குதலாச்சே, கிருமி எப்படித் தப்பும்?

தப்பியது. பாஸ்டனில் ஒரு தீக்காயப் பிரிவில் வெள்ளி நைட்ரேட்டுக்கே அசராத சால்மொனெல்லா பரவி மூன்று நோயாளிகள் இறந்தார்கள். 1975இல் அது மருத்துவ இதழில் பதிவானது. அந்தக் கிருமியிடம் வெள்ளி அயனியை வெளியே தள்ளும் ‘பம்பு’ இருந்தது பின்னாளில் தெரிந்தது. அதற்கான மரபணுக்கள் இருந்த அதே பிளாஸ்மிட்டில் (குட்டி டிஎன்ஏ வளையம்) ஆன்டிபயாடிக் எதிர்ப்பும் இருந்தது!

அதாவது, வெள்ளியைக் கண்டபடி பயன்படுத்தினால் ஆன்டிபயாடிக் எதிர்ப்பும் கூடவே வளரலாம். இன்று காலுறையில்கூட நானோ வெள்ளி வருது. பென்சிலினில் செய்த தப்பை வெள்ளியிலும் செய்யணுமா?