இ6-ஏபி: மறுசேர்க்கை முயல் எதிர்ப்பொருள்

மனித உயிரணுவில் இ6-ஏபி என்னும் யுபிகுயிட்டின் லைகேஸ் புரதத்தைக் கண்டறிவதற்காக, முயலின் எதிர்ப்பொருளுக்குரிய மரபணுக்களைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் வேறு உயிரணுக்களில் புகுத்தி உண்டாக்கப்படும் பொருள் இது.

சிதைக்கப்பட வேண்டிய புரதங்களின்மீது, 76 அமினோ அமிலங்களாலான யுபிகுயிட்டின் என்னும் சிறு புரதம் ஒரு முத்திரையைப் போல் பதிகிறது. பதிக்கும் நொதியே லைகேஸ். ஹியூமன் பாப்பிலோமா வைரஸின் இ6 புரதம் இந்த லைகேஸைத் தன்வயப்படுத்திக்கொண்டு, புற்று தோன்றாமல் காக்கும் பி53 புரதத்தையே அழிவுக்கு உட்படுத்துகிறது என்பதை, ஹைப்ரெக்ட்ஸி, ஷெஃப்னர், ஹௌலி ஆகியோர் 1991 முதல் 1993 வரை வெளியிட்ட ஆய்வுகளால் நிறுவினர். கருப்பைவாய்ப் புற்றுநோயின் உட்காரணம் இவ்விதம் புலப்பட்டது.

இந்நோய் நம் நாட்டுப் பெண்களுக்கு அந்நியமானதன்று. திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற செவிலியர் அசெட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிஷத்தில் வெளுக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்தே நோயின் தொடக்கத்தை இனங்கண்ட பெரும்பரிசோதனை, அந்நோயால் நேரும் மரணத்தை 35 சதவிகிதம் குறைத்ததாக 2007-இல் அறிவிக்கப்பட்டது. 2019-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. எனினும் அம்மாவட்டத்துக் கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து மலைப்பாதை இறங்கி வரவேண்டிய பெண்ணுக்கு, ஊரிலேயே நடக்கும் அத்தகைய எளிய சோதனையே முதல் தேவை. முயல் எதிர்ப்பொருளோ நோயாளிக்குரிய பரிசோதனையன்று, ஆராய்ச்சிக்குரிய கருவி.

முயல் எதிர்ப்பொருளின் சரித்திரம் 1890-இல், பெர்லினில் பேரிங்கும் கிட்டசாட்டோவும் டெட்டனஸ் நஞ்சை எதிர்க்கும் சக்தியை முயலின் சீரத்தில் கண்டதிலிருந்து தொடங்குகிறது. பிராணி மடிந்தால் அதன் சீரமும் தீர்ந்துபோகும் என்ற குறையை, 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் எலியின் எதிர்ப்பொருள் உயிரணுவைப் புற்றணுவோடு இணைத்துக் கண்ட ஹைபிரிடோமா முறை பெரும்பாலும் நீக்கிற்று. முயலுக்கு அம்முறை கைகூட, சிகாகோவை அடுத்த லயோலா பல்கலைக்கழகத்தில் கேத்தரின் நைட் குழுவினர் 1995-இல் வெற்றி காணும்வரை காத்திருக்க நேர்ந்தது. எலி கவனியாமல் விடும் நுண்ணிய வேறுபாட்டையும் முயல் பல சமயங்களில் உணர்ந்து, இறுகப் பற்றும் எதிர்ப்பொருளைத் தருவதால், அம்முயற்சி வீண்போகவில்லை.

எதிர்ப்பொருளின் நம்பகத்தை வெஸ்டர்ன் பிளாட் சோதனை காட்டும். மின்புலத்தில் பிரிந்து சவ்வில் ஏறிய புரதங்களின் நடுவே, ஏறத்தாழ 100 கிலோடால்ட்டன் அளவில் ஒரே கோடு தோன்ற வேண்டும்; இ6-ஏபிக்குரிய யூபிஇ3ஏ மரபணு நீக்கப்பட்ட உயிரணுக்களில் அக்கோடு அறவே மறைய வேண்டும். மறையாவிடில், எதிர்ப்பொருள் வேறெதையோ பற்றியிருக்கிறது என்பதே அர்த்தம்.

எதிர்ப்பொருள்களை அவற்றின் மரபணு வரிசையாலேயே வரையறுக்க வேண்டுமென்று பிராட்பரியும் புளுக்துனும், நூற்றுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகளின் ஆதரவோடு, 2015-இல் வற்புறுத்தினர். வரிசை தெரிந்தால் எவரும், எங்கும், அதே பொருளை மீண்டும் ஆக்கலாம். விற்பனை நிறுவனங்கள் பல அவ்வரிசையை இன்றும் வெளியிடாமலிருப்பது, இத்துறையில் விரைவில் நீங்கவேண்டிய குறையாகும்.