கைநீட்டம்

கைநீட்டம் (பெயர்ச்சொல்): சித்திரை விஷு அன்று, கனி கண்டபின், வீட்டுப் பெரியவர்கள் இளையவர்களுக்குக் கொடுக்கும் காசு. கை + நீட்டு + அம். ‘நீட்டு’ என்பதற்குக் கொடுத்தல் என்ற பொருளும் உண்டு. திருவிதாங்கூர் அரசாணைக்கும் ‘நீட்டு’ என்றே பெயர்.

தேங்காய்ப்பட்டணம் உள்ளிட்ட பழைய விளவங்கோடு வட்டாரம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதுவரை மலையாள நாட்டோடு இருந்ததால் மலையாளத்தில் வழங்கும் இந்தச் சொல் இங்கும் புழக்கத்தில் உண்டு. விஷு என்பது ‘விஷுவம்’, அதாவது பகலும் இரவும் சமமாகும் நாள். அந்தச் சமநாள் இன்று மார்ச் 20-ஐ ஒட்டி வருகிறது. விண்மீன் கணக்கில் நிற்கும் விஷுவோ ஏப்ரல் நடுவில் வருகிறது.

கி.பி. 825-இல் தொடங்கிய கொல்லம் ஆண்டு சித்திரையில் பிறப்பதில்லை. திருவிதாங்கூரில் அது ஆவணி முதல் தேதி (சிங்ஙம் 1) பிறக்கும். ஆண்டுக் கணக்கு ஒரு நாளிலும் கைநீட்டம் வேறொரு நாளிலுமாக வரும்.

பிரான்சிலும் இப்படி நடந்தது. அங்கே புத்தாண்டுக் கொடைக்கு ‘எத்ரென்’ என்று பெயர். ‘ஸ்திரேனா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இடைக்காலத்தில் அரச ஆவணங்களில் ஆண்டு ஈஸ்டரன்று மாறியது. பரிசுகளோ ஜனவரி 1-இல் கைமாறின. 1564-இல் ஒன்பதாம் சார்ல் மன்னரின் ரூசியோன் ஆணை ஆண்டுத் தொடக்கத்தை ஜனவரி 1-க்கு மாற்றியது. கொடை நாளிடம் அரசாங்கக் கணக்கு வந்து சேர்ந்தது. இன்று அங்கே தபால்காரருக்கும் கட்டடக் காவலருக்கும் ஆண்டிறுதியில் தரும் அன்பளிப்பும் எத்ரென்தான்.